மண்டபத்தில் முதல் பந்தி

1. விசில்

காடு வளர்க்கிற வேலை என்றார்கள். ஊர்ப் பெண்கள் ஐந்து பேரில் ஒருத்தியாகக் கடப்பாரையோடு போனேன். கே.ஜி.கண்டிகைப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் நின்ற மேனேஜர் அதை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, கையில் ஒரு விசிலைக் கொடுத்தார்.

"எதுவும் நட வேணாம் பூங்காவனம். ஆடு வராம பாத்துக்கினா போதும். பழைய வேருலேர்ந்து உசிலை, வெப்பாலை எல்லாம் தானா துளுக்கும். மரம் காத்துல இருக்குற கரிய இழுத்து உள்ள வச்சுக்கும். அந்தக் கரிக்கு வெளிநாட்டுல கிராக்கி."

"மூட்டையில அனுப்புவீங்களா சார், லாரியிலயா?"

மேனேஜர் விசிலை எப்படி ஊதுவது என்று காட்டினார்.

ஊர் ஆடுகளில் பாதி என்னுடையவை. என் ஆட்டை நானே விசிலடித்துத் துரத்துவதுதான் உத்தியோகம்.

2. தில்லி அம்மா

உசிலை இடுப்புயரம் வந்தது. மரத்துக்கு மரம் தகரத்தில் நம்பர் கட்டினார்கள். திட்டத்தைப் பார்வையிடத் தில்லியிலிருந்து ஓர் ஆபீசர் அம்மா வருவதாகச் சேதி.

"ஒரு ஆடு கண்ணுல பட்டாலும் திட்டம் காலி. உங்க அஞ்சு பொம்பளைங்க வேலையும் காலி" என்றார் மேனேஜர்.

ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாமல் கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. வாட்ச்மேன் எனக்குத் தம்பி முறை. விடிவதற்குள் ஆடுகள் எல்லாவற்றையும் உள்ளே ஓட்டி, தழை போட்டுப் பூட்டிவிட்டோம்.

அந்த அம்மா நிலத்தைச் சுற்றி வந்தார். ஒரு புழுக்கைகூட இல்லை. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

"இங்க இப்ப யாரும் ஆடே வளக்குறதில்ல மேடம். வாங்க, சாப்பிடலாம். கல்யாண மண்டபத்துல சொல்லியிருக்கேன். ஆடி மாசம், காலியாத்தான் இருக்கும்."

என் வாயில் விசில் இருந்தது. ஊத மூச்சு வரவில்லை.

3. பந்தி

சமையலுக்காக மண்டபத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். வாசலில் சமையல்காரர் சாம்பார் வாளியோடு நின்றார்.

"மொதப் பந்தி ஒக்காந்து துன்னுகினு இருக்குங்க."

மணமேடை நடுவில் என் கிடா. சுற்றிலும் சொந்தபந்தம்.

அந்த அம்மா கிடாவின் வாயிலிருந்த கிளையைப் பிடித்து இழுத்தார். தகரம் ஆடியது. நம்பர் நாற்பத்தொன்று! தழை வெட்டப் போன என் நாத்தனாரின் அவசரம்.

"இது என்னான்னு கேக்குறாங்க." மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க வெயில்ல நடக்க வேணாம்னு மரத்த இங்கயே கொண்டாந்துட்டோம்னு சொல்லுங்க சார்."

அதை அவர் எப்படிச் சொன்னாரோ, அந்த அம்மா மேடைப் படியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, தினமும் ஆட்டை இப்படி அடைத்துவைத்தே தீனி போட முடியுமா என்று கேட்டார்.

"ஆங், மண்டபம் குடுத்தா போடலாம்."

மண்டபம் கொடுக்கவில்லை. காட்டில் புல் அறுத்துப்போய் வீட்டில் ஆட்டுக்குப் போடலாம், மரத்தைத் தொடக்கூடாது என்று முடிவாயிற்று. ஐந்து பேர் வேலையும் தப்பியது. உசிலை இன்று என் தலைக்கு மேல் நிற்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆட்டை ஒளிக்கும் முன், ஆபீசருக்குச் சாப்பாடு எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.