மதிலுக்கு இரண்டு பக்கமும் பூத்த ஓர்க்கிட்

மங்கையர்க்கரசி ரீச்சரின் தங்கை கொழும்பிலிருந்து போன் எடுத்தார். "மாஸ்டர், அக்கா காலமை ஆஸ்பத்திரியிலை கண்ணை மூடிட்டா." என் வீட்டு ஓர்க்கிட் மொட்டு விட்டிருப்பதை வைத்தியத்துக்கு அங்கே போயிருந்த ரீச்சருக்கு அன்று மத்தியானம் போனில் சொல்லலாம் என்றிருந்தேன்.

இணுவிலில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் ஒரே மதில். ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் தாவரவியலும் நான் கணிதமும் படிப்பித்தோம். ஓய்வுபெற்ற பிறகு இருவருமே தனி ஆட்கள். ஒருமுறை வன்னிக்குப் போன ரீச்சர், காற்றில் விழுந்த மரத்திலிருந்து இரண்டு ஓர்க்கிட் செடிகளை எடுத்து வந்தார். ஒன்றைத் தன் வேம்பில் கட்டினார். மற்றதை என் மாமரத்தில் கட்டச் சொன்னார். ஏனென்று நான் கேட்கவில்லை.

போன வருடம் இரண்டும் ஒரே கிழமையில் பூத்தன. ரீச்சர் விடிந்ததும் வேம்படியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். மூன்றாம் நாள் மதிலுக்கு மேலால் கேட்டார்.

"மாஸ்டர், உங்கடை பூவெங்கை?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே, ரீச்சர். பிள்ளையாருக்கு வைச்சிட்டன்."

என் மாமரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வண்டின்ரை வேலையைப் பிள்ளையாரின்ரை எலி செய்யுமெண்டு நினைச்சியளோ?"

அப்போதுதான் விளக்கினார். "இதின்ரை மகரந்தம் தூள் இல்லை, மாஸ்டர். சின்ன மஞ்சள் உருண்டை. கருவண்டின்ரை நெத்தியிலை ஒட்டும். தன்ரை மகரந்தம் தனக்குச் சரிவராது, மற்றச் செடிக்குப் போகவேணும். பூவிலை தேன் ஒரு துளியும் இல்லை. ஒருக்கால் ஏமாந்த வண்டு திரும்பவும் ஏமாந்தால்தான் காய்."

நான் கூசிப்போனேன். அடுத்த முறை ஈர்க்குக் குச்சியால் மகரந்தத்தை நானே எடுத்து வைத்து விடுகிறேன் என்றேன்.

"வேண்டாம். காய் எனக்கு என்னத்துக்கு? வண்டு வாறதைப் பாக்கவேணும். வாற வருசம் பாப்பம்."

கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

செத்தவீட்டுக்குக் கொழும்புக்குப் போக என் முழங்கால் விடவில்லை. பத்தாம் நாள் இரண்டு செடிகளும் பூத்தன. பிள்ளையாருக்கு நந்தியாவட்டையை வைத்துவிட்டு, கதிரையை மதிலோரம் போட்டேன். நாலு நாள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் பத்து மணியளவில் ஒரு கருவண்டு அவருடைய வேம்பிலிருந்து மதிலைத் தாண்டி வந்தது. நெற்றியில் மஞ்சள் பொட்டு. என் பூவுக்குள் தலையை விட்டது.

"ரீச்சர், வந்திட்டுது!" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் யன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரை அறிந்த உங்களுக்கு இதைச் சொல்லவேண்டும் போலிருந்தது. பூ வாடிய இடத்தில் காம்பு தடித்துக் காயாகி வருகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காத்திருப்புத்தான். இப்போதும் பத்து மணிக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அந்த வெள்ளிக்கிழமை நான் பூவுக்குக் கையை நீட்டாமல் இருந்திருந்தால், ரீச்சர் வண்டு வருவதைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.