கட்டை கொடுப்பவன் எங்கே என்று கேட்டவர்

ராஜபாளையத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தபோது பீர் முகமது பாயின் மகள் போன் செய்தார். "அத்தா காலைல போயிட்டாங்க." தூக்கத்திலேயே மாரடைப்பு. பாதி முடுக்கிய போல்ட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் அவரிடம் பாத்திரம் வாங்கியவர்களுக்கு அவருடைய பேரம் தெரியும். எனக்குத் தெரிந்தது அவருடைய கேள்விகள். முதலில் அவை எனக்கு எரிச்சலைத்தான் தந்தன.

சில வருடங்களுக்கு முன் மம்சாபுரம் சாலையில், மழையில், ஒரு வளைவில் அவருடைய புதுக் கார் சறுக்கி வயலுக்குள் இறங்கியது. அவருக்கும் கூட இருந்த மனைவிக்கும் காயமில்லை. ஆனால் அன்றோடு அந்த அம்மா அவர் ஓட்டும் வண்டியில் ஏற மறுத்துவிட்டார். ராஜபாளையத்தில் மகளுக்கு நிறைமாதம். அவளைப் பார்க்க அந்த அம்மா போவது பஸ்ஸில்தான். காரை விற்றுவிடலாமா என்று கேட்கத்தான் பாய் என்னிடம் வந்தார்.

"நாலு சக்கரமும் இழுக்குற வண்டின்னு வாங்குனேன் தம்பி. பொறவு எப்படிச் சறுக்கும்?"

"இழுக்கத்தான் பாய் அது. சேத்துல கிளம்பலாம், மேடு ஏறலாம். நிக்கிறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரந்தான். டயருக்குப் பிடிமானம் எம்புட்டோ அம்புட்டுத்தான்."

"அப்ப சறுக்குனா ஒண்ணுமே செய்யாதா?"

செய்யும் என்றேன். கம்ப்யூட்டர் ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியைத் திருப்பிவிடும்.

அவர் முகம் மலர்ந்தது. "அட, தேருக்குக் கட்டை குடுக்காப்ல! எங்க கடை மூலைல வருசா வருசம் பாக்கேன். ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடில கட்டையக் குடுத்தா தேர் அந்தப் பக்கமாத் திரும்பும்."

அதேதான் என்றேன். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை.

"கட்டை குடுக்கவன் தெருவப் பாத்துக் குடுக்கான். இதுல யாரு பாக்கா?"

"ரோட்டை அது பாக்காது பாய். நீங்க ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்புறீங்கன்னு ஒரு சென்சார் சொல்லும். வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு இன்னொண்ணு சொல்லும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா பிரேக்."

"வண்டியே பாத்துக்கும்னு சொல்லித்தானே வித்தாங்க? சறுக்குனதும் நான் ஸ்டீரிங்க விட்டுட்டு ரெண்டு கையவும் தூக்கிட்டேம்லா!"

"பொறவு அது யார் பேச்சைக் கேக்கும்?" என்று கத்தியேவிட்டேன்.

அடுத்த மழை விட்ட மறுநாள், ஒரு காலி மண் தரைக்கு இருவரையும் அழைத்துப்போனேன். அந்த அம்மா ஓரமாக நின்றுகொண்டார். நான் பக்கத்தில் உட்கார, பாய் வேகமெடுத்துத் திருப்பினார். பின்பக்கம் வழுக்கியது. காலுக்கடியில் கடகடவென்று பிரேக் தானாகப் பிடிக்கும் சத்தம். போக வேண்டிய பக்கத்தையே பார்த்து அவர் ஸ்டீரிங்கைத் திருப்ப, வண்டி நேரானது.

"எந்தச் சக்கரத்தத் தம்பி புடிச்சுச்சு?"

"முன்னால, வெளிப்பக்கச் சக்கரம்."

"இன்னொருக்கப் போவோம்!"

போனோம். இறங்கியதும் அந்த அம்மா கேட்டார்: "வண்டி புடிச்சுச்சா, நீங்க புடிச்சீயளா?"

"ரெண்டு பேருந்தான்."

அந்த அம்மா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்து ஏறினார். "ராஜபாளையத்துக்கு விடுங்க. மெதுவா."

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த 'ரெண்டு பேருந்தான்'. "இனி வண்டியே பாத்துக்கும்ல?" என்று கேட்டபடி வண்டி எடுக்க வந்தவர் யாராவது சாவிக்குக் கை நீட்டினால், அதைச் சொல்லி முடிக்கும்வரை நான் சாவியை விடுவதில்லை.