ஜாதுகரில் இரண்டு கைதட்டல்

புதன்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு ஷாலிமார் ஸ்டேஷனில் இறங்கினோம். சென்னையிலிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து சென்னை வந்த ராத்திரியையும் சேர்த்தால் முதுகு தனிக்கணக்கு சொல்லும். மே மாத வெயில் நம் ஊரைப் போலத்தான் இருந்தது. வியர்வைதான் வேறு. துடைத்தால் போகிற வியர்வை இல்லை அது.

கல்கத்தாவுக்கு மியூசியம் பார்க்கப் போகிறேன் என்றதும் ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். காரணம் இருக்கிறது. எங்கள் மாவட்ட மியூசியத்தில் சிற்பக்கூடக் காவலாள் நான். இருபத்திரண்டு வருஷமாகக் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சிலைகளைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம். மிட்டாய்க்கடைக்காரன் லீவு போட்டு மிட்டாய் தின்னப் போவதைப் போல நான் கிளம்பியிருந்தேன்.

கூட வந்தவர்கள் இரண்டே பேர்: மனைவி செல்வி, பன்னிரண்டாவது முடித்த மகள் நந்தினி. தங்கியது லேக் கார்டன்ஸில், செல்வியின் தம்பி சங்கர் வீட்டில். மத்திய அரசு வேலையில் மாற்றலாகி அவன் இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவன் மனைவியும் பிள்ளையும் லீவுக்குத் திருநெல்வேலி போயிருந்தார்கள். நாங்கள் எதிர்த்திசையில் வந்தோம். மஞ்சள் டாக்சிக்காரர் நானூற்றைம்பது கேட்டார், நந்தினி தனக்குத் தெரிந்த இந்தியில் பேசி நானூறாக்கினாள். ஹூக்ளிப் பாலத்தின் மேல் போகும்போது அவர் திரும்பிப் பார்த்து, "மதராஸி பொண்ணு நல்லா சண்டை போடுது" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நந்தினிதான் மொழிபெயர்த்தாள், பெருமையாக.

அன்று மாலை ஆறரைக்கு எதிர்வீட்டு மித்ரா ஒரு டப்பா சந்தேஷ் இனிப்புடன் எங்களைப் பார்க்க வந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'காக்கு', அதாவது சித்தப்பா. சங்கர் இந்தியில் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். 'மியூசியம் ஆபீசர்' என்ற இரண்டு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. காக்கு சடாரென்று எழுந்து கைகூப்பினார். வெள்ளிக்கிழமை நாங்கள் பெரிய மியூசியம் போகும்போது தானும் வருவதாகச் சொன்னார். விவரம் தெரிந்த ஒருவரோடு மியூசியம் பார்க்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசையாம்.

அவர் போனதும் சங்கரைப் பிடித்தேன். "ஏம்ல, நான் எப்பல ஆபீசர் ஆனேன்?"

"அத்தான், இந்த பில்டிங்ல எல்லாரும் பெரிய பெரிய உத்தியோகம். நம்ம மட்டும் எதுக்குக் கொறஞ்சு போகணும்?"

"விடுங்க, நாலு நாளுதான இருக்கப் போறோம்" என்றாள் செல்வி, சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டே.

நந்தினி செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது லீவு விட்டால் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கிடப்பாள். எட்டாம் வகுப்போடு அது நின்றது. அதற்குப் பிறகு ஒரு சிநேகிதியைக்கூட அங்கே கூட்டி வந்ததில்லை. அப்பா வேலையைச் சொல்ல அவளுக்குக் கூச்சம் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். ஆபீசர் என்று சொன்னபோது அவள் சும்மா இருந்ததும் என் முடிவுக்கு ஒரு முத்திரை குத்தியது போலிருந்தது. அன்றைக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

வியாழக்கிழமை விக்டோரியா மெமோரியல். வெள்ளைப் பளிங்கு மாளிகை, சுற்றிலும் குளங்கள், மரநிழல். சும்மா சொல்லக்கூடாது, கண்ணுக்குக் குளுமை. எல்லோரும் அண்ணாந்து குவிமாடத்தைப் பார்த்தார்கள். நான் தடுப்புக் கயிறு எவ்வளவு உயரத்தில் கட்டியிருக்கிறது, ஓவியத்துக்கும் கயிற்றுக்கும் எத்தனை அடி, எந்த மூலை காவலாள் கண்ணுக்கு மறைவு என்று பார்த்துக்கொண்டு போனேன். "படத்தப் பாக்குதீயளா, கயித்தப் பாக்குதீயளா?" என்று செல்வி கேட்டாள். இரண்டு மணி நேரத்தில் நான் பார்த்த படங்கள் பத்து இருந்தால் அதிகம். வெளியே மண் குவளையில் டீ, பத்து ரூபாய். குடித்த குவளையைக் குப்பையில் போட செல்விக்கு மனசு வரவில்லை. கழுவிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு லேக் கார்டன்ஸிலிருந்து ஷேர் ஆட்டோ, காளிகாட்டில் மெட்ரோ, அங்கிருந்து ஐந்தாவது ஸ்டேஷன் பார்க் ஸ்ட்ரீட். படியேறி வெளியே வந்து சிறிது தூரம் நடந்தால் பெரிய மியூசியம். ஊர்க்காரர்கள் அதை ஜாதுகர் என்கிறார்கள். மாயவீடு என்று அர்த்தமாம். சங்கருக்கு ஆபீஸ். ஆக நாங்கள் மூன்று பேர், இஸ்திரி போட்ட சட்டையில் மித்ரா காக்கு. நடுவில் ஒரு முற்றம், சுற்றி வெள்ளைத் தூண்கள் நிற்கும் தாழ்வாரம். எங்கள் மியூசியம் முழுவதையும் அந்த முற்றத்தில் வைத்துவிடலாம்.

காக்கு ஒவ்வொரு சிலை முன்னாலும் நின்று ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார். நந்தினி தமிழில் எனக்குச் சொன்னாள். "இது எந்தக் காலம்னு கேக்காவ."

"ரொம்பப் பழசு."

அவள் அதையும் முகம் மாறாமல் மொழிபெயர்த்தாள். காக்கு மரியாதையாகத் தலையாட்டினார். இப்படியே ஏழெட்டுச் சிலை. நான் அசடு வழிந்துகொண்டே போனேன். சட்டைக்குள் வியர்வை ஓடியது. இதற்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது.

சிவப்புக் கல்தூண்கள் வரிசையாக நிற்கும் கூடத்தைத் தாண்டி அடுத்த அறைக்குள் போனோம். அங்கே ஒருவர் செல்ஃபி எடுக்க வாகாக ஒரு சிலையின் முழங்காலில் உள்ளங்கையை ஊன்றிச் சாய்ந்தார். என் கை என்னைக் கேட்கவில்லை. சிலையைத் தொடுகிறவர்களை விலக்க ஊரில் தினமும் தட்டுகிற அதே கைதட்டல், படார் படார் என்று இரண்டு, கூடவே, "சார், கை! கைய எடுங்க!"

அறை முழுக்க எதிரொலித்தது. உள்ளங்கை வியர்வை பட்டுப் பட்டுத்தான் கல் எண்ணெய்க் கறுப்பாகும், தேய்த்தாலும் போகாது. அந்த மனிதர் தமிழ் தெரியாமலே விலகி நின்றார். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூலையில் ஸ்டூலில் இருந்த காவல்கார அம்மா, ஐம்பது வயதிருக்கும், தட்டுவதற்கு விரித்த கையோடு எழுந்து நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக இந்தியில் ஒரு கேள்வி கேட்டார். 'ட்யூட்டி' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. காக்கு அவசரமாகக் குறுக்கிட்டு அந்த அம்மாவிடம் ஏதோ திருத்தினார். 'ஆபீசர்' என்பதும் எனக்கு விளங்கியது.

நந்தினி என்னைப் பார்த்தாள். "நீங்களும் எங்களை மாதிரி ட்யூட்டி ஆளான்னு அந்த அம்மா கேக்காவ. காக்கு இல்லைங்காவ. நான் என்ன சொல்லட்டும்ப்பா?"

தப்பித்துக்கொள்ள அது நல்ல வாய்ப்பு. இன்னும் இரண்டே நாள். சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் பிள்ளையின் வாயால் பொய் சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"உள்ளதைச் சொல்லுட்டி."

அவள் முதலில் காக்குவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்குப் புரிகிற அளவுக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அப்பா ஆபீசர் இல்லை, சிற்பக்கூடக் காவலாள், இருபத்திரண்டு வருஷம். மன்னிக்கணும் என்று நான் கைகூப்பினேன். அவர் முகம் கொஞ்சம் இறங்கியது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஐ ஸீ, ஐ ஸீ" என்று சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துப் பலகைகளைத் தானே படித்தபடி முன்னால் போனார். நல்ல மனிதர், மத்தியானம் எல்லோருக்கும் அவரே டீ வாங்கினார். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் சட்டைக்குள் ஓடிய வியர்வை நின்றுவிட்டது.

நான் காக்குவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நந்தினி அந்தக் காவல்கார அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அரைகுறை இந்திதான். என்ன கேட்டாய் என்றேன்.

"சாப்பிட்டாச்சா, மாத்திவிட ஆள் வந்தாச்சான்னு கேட்டேன். இன்னும் வரலையாம். மணி ரெண்டாகுதுப்பா."

மியூசியத்துக்கு வருகிற ஒருவரும் கேட்காத கேள்வி அது. என்னிடம் இந்த இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. மாற்றிவிட ஆள் வராத நாட்களில் நான் மூன்றரை மணிக்குச் சாப்பிட்டிருக்கிறேன், வீட்டில் சொன்னதில்லை. திறக்காத டிபன்பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலையே பார்ப்பதை இவள் அந்தச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

சனிக்கிழமை காளிகாட் கோயில். கூட்டத்தில் செல்வியின் ஒற்றைச் செருப்பு போயிற்று. லேக் மார்க்கெட்டில் நம்மூர் மளிகைக் கடையில் அப்பளக்கட்டும் காபித்தூளும் கிடைத்தன. கடைக்காரர் எடுத்த எடுப்பில், "நீங்க எந்த ஊர்ப் பக்கம்?" என்றார் தமிழில். மூன்று நாளைக்குப் பிறகு கடைவீதியில் காதில் விழுந்த அந்த ஒரு கேள்விக்காகவே செல்வி தேவைக்கு மேல் வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்றே கால் தாண்டி ஷாலிமாரிலிருந்து வண்டி நகர்ந்தது. செல்வி மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துவிட்டாள். வெளியே குளங்கள், வாழைத்தோட்டங்கள், மறுபடியும் குளங்கள். ஐந்து வருஷம் அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் நந்தினியிடம் கேட்டேன்.

"என் வேலையச் சொல்லதுக்கு உனக்குக் கூச்சமா இருக்காட்டி?"

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது.

"எனக்கா? எட்டாப்பு படிக்கும்போது எங்க கிளாஸ் மொத்தமும் ஒங்க மியூசியத்துக்கு வந்தோம்லா. எங்கப்பா இருப்பாவ, எங்கப்பா இருப்பாவன்னு பஸ்ஸு பூரா சொல்லிட்டு வந்தேன். நீங்க எங்களப் பாத்ததும் எந்திரிச்சு உள் ரூமுக்குப் போயிட்டீய."

போனேன். ஞாபகம் இருக்கிறது. சக பிள்ளைகள் முன்னால் அவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் போனேன். அவர்கள் பஸ் கிளம்பும்வரை உடைந்த சிலைகள் போட்டிருந்த அறையில், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு நின்றேன்.

"ஒனக்காகத்தான் போனேன்" என்றேன்.

"நான் ஒங்களத் தேடினேன்ப்பா."