கீழ்ப் படியும் நாலாம் மாடியும்

என் பெரியக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாலாம் மாடிக்கு அறுபத்தெட்டுப் படிகள். இதை வைத்து அவரைக் கேலி செய்ய வேண்டியதையெல்லாம் எல்லோரும் செய்து தீர்த்துவிட்டார்கள். புதிதாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அத்தான் வேலைக்குப் போகும் கட்டடங்களின் காவலாளிகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘நாளைக்கு சார்’. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய நாள், அன்று வேலை செய்வதில்லை என்பது கல்யாணத்துக்கு முன்பே அவர் எடுத்த முடிவு. ஞாயிறன்று யார் கூப்பிட்டாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: “உள்ளே ஆள் இருக்கா?” இருந்தால் சாப்பிடுகிற தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். ஆளை வெளியே எடுத்து, லிஃப்ட்டை நிறுத்தி, ‘பழுது’ அட்டையை மாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். இல்லையென்றால், “நாளைக்கு வரேன்.”

இதைத் தெரிந்துகொண்ட ஒரு கில்லாடி, ஆள் இருப்பதாகப் பொய் சொல்லி வரவழைத்தான். கதவை நெம்பித் திறந்தால் உள்ளே ஒரு சோபா. “உக்கார ஆள் வந்துடுவாங்க சார்” என்றானாம். இன்னொரு முறை பூனை. “அதுவும் உயிர்தானே” என்று பூனையை எடுத்துவிட்டார். சோபா மறுநாள்தான் வெளியே வந்தது.

இப்படிப்பட்டவருக்கு வாடிக்கை எங்கே பெருகும்? பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. அக்காவின் முட்டியும் தேய்ந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்து, சுவரில் ஒரு மடக்குப் பலகை பொருத்திக் கொடுத்தார். அதுதான் அவர் அவளுக்குச் செய்த பெரிய வசதி.

சின்னக்காவின் கணவர் குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறார். மாதம் தவறாமல் ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்வார்: கீழ்ப்படிந்தேன், கார் வந்தது, கீழ்ப்படிந்தேன், இரண்டாவது கடை வந்தது. ஞாயிறு மத்தியானம் இரண்டு கடைகளும் திறந்திருப்பதை மட்டும் சாட்சியில் சேர்ப்பதில்லை. சின்னக்காவைப் பார்க்கிறவர்களெல்லாம் கொடுத்து வைத்தவள் என்பார்கள். பெரியக்காவும் சொல்வாள், சிரிக்காமல்.

நான் விடுமுறையில் போயிருந்தபோது, புதிதாக எழும்பிய ஒரு பெரிய கட்டடத்தின் பன்னிரண்டு லிஃப்ட்டுகளும் அத்தான் கைக்கு வருவதாக இருந்தது. பராமரிப்பவர் குடும்பத்துக்குத் தரைத்தளத்திலேயே வீடு. அக்கா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வாசலுக்கு ஒரே ஒரு படிதானாம். நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: வாரத்தில் ஏழு நாளும் வேலை. வெளிநாட்டில் வேலையை எப்போது பிடுங்குவார்களோ என்று பயந்தே பிழைப்பவன் நான். கையெழுத்துப் போட்டுத் தொலையுங்களேன் என்று அத்தானிடம் கெஞ்சாத குறை.

சனிக்கிழமை சாயங்காலம் சின்னக்காவின் கணவர், அத்தானின் சகலை, வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, நாளைக்கு நீங்கதான் சாட்சி சொல்றீங்க. இத்தனை வருஷம் கீழ்ப்படிஞ்சீங்க, ஒரேயடியா பன்னெண்டு லிஃப்ட்! கீழ்ப்படிஞ்சாத்தான் மேல போகலாம்.”

அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார். “பன்னெண்டும் போச்சு, தம்பி. வேண்டாம்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டுத்தான் வரேன்.”

அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். “வேண்டாம்னீங்களா? ஊரெல்லாம் குடுக்கிற ஆண்டவருக்கு நம்ம விலாசம் மட்டும் தெரியாதா?”

“தெரியும். நாலாம் மாடி. ஏறி வர நேரமாகுது.”

“சிரிக்காதீங்க. உங்ககூடச் சேர்ந்து நானும்தான் கீழ்ப்படிஞ்சேன். கீழ்ப்படிஞ்சு கீழ்ப்படிஞ்சு இன்னும் கீழ்ப் படியிலயேதான் நிக்கிறேன்.”

சகலை செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் ஜெபக்கூடத்தில், பேச வேண்டியவர்களின் பட்டியலில் அத்தான் பெயர் அப்படியே இருந்தது. எழுந்து நின்றார்.

“பெரிய வேலை ஒண்ணு வந்துது. ஞாயித்துக்கிழமையும் வரணும்னாங்க. வேண்டாம்னுட்டேன். அதுக்குப் பதிலா வேற எதுவும் வரல. வந்தா சொல்றேன். வரலைன்னாலும் அடுத்த ஞாயித்துக்கிழமை இங்கதான் இருப்பேன்.”

உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வது என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பினோம். அத்தானின் இரண்டு கையிலும் காய்கறிப் பைகள். அக்கா இரண்டாம் மாடிப் பலகையை விரித்து உட்கார்ந்த நேரத்தில், அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவளே எடுத்தாள். புதுக் கட்டடத்து மேனேஜர். கத்தித்தான் பேசினார், படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

“அம்மா, ஓனர் வர்ற நேரம் பாத்து ரெண்டு லிஃப்ட் நின்னுடுச்சு. சாரை உடனே அனுப்புங்க. இன்னிக்கு வந்துட்டாருன்னா ஒப்பந்தம், வீடு எல்லாம் உங்களுக்குத்தான்.”

அத்தான் பைகளோடு நின்றார். அக்கா தலையைத் தூக்கி மிச்சப் படிகளைப் பார்த்தாள். இன்னும் முப்பத்து நாலு.

“உள்ளே ஆள் இருக்கா?” என்றாள்.

“இல்லம்மா, ரெண்டும் காலிதான்.”

“பூனை?”

“என்னது?”

“ஒண்ணுமில்ல. நாளைக்கு வருவாரு.”

போனை அவர் சட்டைப் பையில் திரும்பப் போட்டாள். கம்பியைப் பிடித்து எழுந்து, பலகையை மடக்கினாள்.

“நான் கொடுத்து வெச்சவ” என்றாள், இந்த முறை சிரித்துக்கொண்டே. “நிக்காம ஏறுங்க.”