ஸ்பீக்கர் மக்கர் பண்ணின ஞாயிற்றுக்கிழமை

எனக்குக் குருவியும் ஒண்ணுதான், காக்காயும் ஒண்ணுதான். ஆனா மாசத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பறவைகளப் பத்தின பேச்சுக் கேக்கத் தவறாமப் போயிருவேன். பேசறது எங்க ஊட்டுக்காரரு. நான் போகலீன்னா லேப்டாப்புல படத்த யாரு மாத்தறது?

கோயமுத்தூர்ல இருக்கற இயற்கைச் சங்கம் அது. ஒரு பள்ளிக்கூடத்து ஹாலுல கூட்டம் நடக்கும். அன்னூர்ல இருந்து ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல போவோம். சம்பளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு டீ, ரெண்டு பிஸ்கட்டு. அதுக்கு இவரு வாரம் பூரா தயார் பண்ணுவாரு, என்னமோ கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கற மாதிரி.

வேலைக்குப் போன காலமெல்லாம் ஸ்பின்னிங் மில்லுல, மெசினுகளுக்கு நடுவுலயே நின்னவரு. லீவு நாள்னா கொளத்தங்கரைக்குப் போயிருவாரு. "கேட்ட எரைச்சலயெல்லாம் காதுல இருந்து கழுவோணும் அம்மணி"ம்பாரு. பைனாகுலர் கழுத்துல சும்மா தொங்கும். பொதருக்குள்ள கத்தறது என்ன பட்சின்னு சத்தத்த வெச்சே சொல்லிப்போடுவாரு. அவருக்குன்னு உலகத்துல இருந்த பெருமை அது ஒண்ணுதான்.

அதனால அவரு பேச்சுக்குக் கடைசில ஒரு வழக்கம் உண்டு. பாதி லைட்ட அணைச்சுப்போட்டு, அவரே பதிவு பண்ணின பறவைச் சத்தத்த ஸ்பீக்கர்ல போடுவாரு. கேக்கறவங்க பேரு சொல்லோணும். தப்பாச் சொன்னாலும் "கிட்ட வந்துட்டீங்க"ம்பாரு. பாதிப்பேரு இதுக்குன்னே வருவாங்க.

போன வருசம் ஆடி முடிஞ்ச கையோட நடந்த கூட்டம். செம்போத்து போட்டாரு, சொல்லிட்டாங்க. அடுத்தது தேன்சிட்டு. போன்ல தட்டினாரு. ஊசி மாதிரி ஒரு சத்தம், விசுக்கு விசுக்குனு ஹால் பூரா அடிச்சுது. இவரு அப்பிடியே நிக்கறாரு. போனத் திருப்பிப் பாக்கறாரு, மறுபடி தட்டறாரு. ஸ்பீக்கரத் தூக்கி ஆட்டறாரு. சத்தத்த ஏத்திக்கிட்டே போறாரு. முன்வரிசைல ஒரு அம்மா சேலைத் தலைப்ப எடுத்துக் காத அடைச்சுக்கிச்சு.

"சத்தமே வரலியாட்ட இருக்குதுங்களே?"ன்னு சபையப் பாத்துக் கேட்டாரு.

அவிநாசிப் பக்கத்துல இருந்து வர்ற தோட்டத்துக்காரரு ஒருத்தரு முன்னாடி உக்காந்திருந்தாரு. இவரு மேல உசுரையே வெச்சிருக்கறவரு. மெதுவா எந்திரிச்சு, "ஆமாங்க, வரலீங்க. ஸ்பீக்கர் மக்கர் பண்ணுதாட்ட இருக்குதுங்க"ன்னாரு. அவ்வளவுதான், அத்தன பேரும் "ஆமாங்க, ஒண்ணும் கேக்கலீங்க"ன்னாங்க. அந்தத் தேன்சிட்டு அப்பவும் கத்திக்கிட்டே இருக்குது சாமி!

எங்க சனத்துக்கு மரியாதைன்னா அப்பிடியொரு மரியாதை. முகத்துக்கு நேரா ஒருத்தரத் தப்புன்னு சொல்லறத விட, ஊரே சேந்து செவுடாப் போயிரும். "மன்னிச்சுக்கோங்க"ன்னு இவரு கும்பிட்டுட்டு மயில் சத்தத்துக்குப் போனாரு. முடிஞ்சதும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. எந்தக் கூட்டத்துலயும் அத்தன நேரம் தட்டினதில்ல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்பீக்கரையே எடுத்து எறிஞ்சிருப்பேன்.

மறுநாள் காந்திபுரத்துல ஒரு கடைக்கு ஸ்பீக்கரத் தூக்கிட்டுப் போனாரு. கடைக்காரப் பையன் ஒரு சினிமாப் பாட்டப் போட்டுக் காமிச்சு, "ஜம்முனு இருக்குதுங்களே, இதுல என்னங்க ரிப்பேரு?"ன்னு திருப்பிக் குடுத்துட்டான். ஊட்டுக்கு வந்தவரு சோறு கூடத் திங்கல. போன்ல அந்தத் தேன்சிட்டப் போட்டு, காதோட வெச்சு அழுத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்பறம் என்னக் கூப்பிட்டாரு.

"நீ சொல்லு அம்மணி. உனக்குத்தான் மூடி மறைக்கத் தெரியாது. இது கத்துதா?"

"கத்துதுங்க."

"நேத்து?"

"நேத்தும் கத்துச்சுங்க. எல்லாருக்கும் கேட்டுச்சு."

போன அணைச்சுக் கீழ வெச்சாரு. "அந்த அவிநாசிக்காரருக்குமா?"ன்னாரு.

அந்தக் கேள்விலதான் நான் அழுதுட்டேன். அவரு அழுகல.

டாக்டரு காதப் பாக்கறதுக்கு முன்னாடியே "மில்லுல இருந்தீங்களா?"ன்னு கேட்டாரு. மில்லு எரைச்சலே கொஞ்சங் கொஞ்சமாத் தின்னிருக்குது. மெல்லிசான சத்தம்தான் மொதல்ல போகுமாம். காதுக்கு மெசின் வெச்சா மனுசப் பேச்சு நல்லாக் கேக்கும், குருவிச் சத்தத்துக்கு உத்தரவாதம் இல்லைன்னாரு. "மனுசப் பேச்சு இப்பவே போதுமான அளவு கேக்குதுங்க"ன்னு இவரு சிரிச்சாரு. மெசினும் வாங்கினோம். அதுல தேன்சிட்டு வரல, மிக்ஸி ஓடற சத்தந்தான் வந்துச்சு. அலமாரில கெடக்குது.

சங்கத்துக்காரங்க ஆப்பிள், ஆரஞ்செல்லாம் வாங்கிட்டு, எழவு வீட்டுக்கு வர்ற மாதிரி வந்தாங்க. அவிநாசிக்காரரும் வந்திருந்தாரு, நிமுந்தே பாக்கல. "சத்தம் போடற பகுதி வேண்டாமுங்க, நீங்க வந்து பேசினாப் போதுமுங்க"ன்னாங்க. "பாக்கலாமுங்க"ன்னாரு இவரு. எங்க பக்கம் பாக்கலாமுங்கன்னா வரமாட்டேன்னு அர்த்தம். அதுக்கப்பறம் போகவே இல்ல. செவிடன் காதுல ஊதின சங்குன்னு ஒரு பழமொழி உண்டே, அத இப்ப எங்க ஊட்ல ஒரு பேச்சுக்குக்கூட யாரும் சொல்லறதில்ல.

போன வாரம் காத்தால செம்பருத்திச் செடில தேன்சிட்டு வந்து உக்காந்துச்சு. ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. "வாயத் தொறந்து மூடுது. கத்துதா?"ன்னாரு. கத்துதுங்கன்னேன். "எப்பிடிக் கத்துது, சித்தெ கத்திக் காமி"ன்னாரு.

எனக்கென்ன வரும்? ஆனாலும் அந்த முகத்தப் பாத்துட்டு மாட்டேன்னு சொல்ல முடியல. பல்லுக்கு நடுவுல காத்த உட்டு, அதே மாதிரி மெல்லிசா, விசுக்கு விசுக்குனு கத்தினேன். மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கத்தினேன். செடில இருந்த குருவி பறந்துபோச்சு. பக்கத்து ஊட்டு அம்மா சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து, "ஏனுங்க்கா, என்னாச்சுங்க?"ன்னு பதறிப்போய்க் கேட்டுச்சு.

இவரு இன்னும் என் வாயவே பாத்துக்கிட்டு நின்னாரு, கொழந்தை மிட்டாய்க்கு நிக்கற மாதிரி.

"ம், ஆரம்பி அம்மணி"ன்னாரு.