சனிக்கு டச்சப்

கல்யாண வீட்டில் படமெடுப்பவர் "அசையாதீங்க, கொஞ்சம் சிரிங்க" என்று அதட்டலாம். கிரகங்களைப் படமெடுப்பவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு காமிராவைப் பொருத்தி, கழுத்து வலிக்க நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்டிரேட்டராக இருக்கிறேன். அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த தொலைநோக்கியை ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டபோது, பிரின்ஸிபால் ஒரு நிபந்தனை போட்டார். கல்லூரிக் கண்காட்சிக்கு முன்னால் சனியை வளையத்தோடு படமெடுத்துக் காட்டினால் அது என்னிடமே இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் அலமாரி.

புடவைத் திரை

முதல் நாள் சாயங்காலம் மாடியில் தொலைநோக்கிக் குழாயைத் தூக்கி நிறுத்தினேன். மறுநாள் அடுத்த வீட்டு ஜயம் மாமி, தன் மாடிக் கொடியில் ஒன்பது கஜப் புடவையை நீளவாட்டில் கட்டியிருந்தார். சனி சரியாக அதற்குப் பின்னால் இருந்தது. மாடிகளை நான் பார்ப்பதில்லை என்று விளக்கினேன்.

"உன்னை நம்பறேன்டி. அந்தக் குழாயை நம்பமாட்டேன்."

ஒட்டியாணம்

வேறு வழியில்லாமல், புடவையை ஒரு நிமிஷம் ஒதுக்கச் சொல்லி, மாமியையே பார்க்கக் கூப்பிட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அடியே, ஒட்டியாணம் போட்டுண்டு என்ன அழகா நிக்கறது! யாருடி இது?" என்றார். சனி என்றேன். மாமி நாலடி பின்னால் போனார். ஆனால் கொடியில் கட்டிய புடவையை மட்டும் அவிழ்த்துவிட்டார்.

"எங்காத்துக்காரருக்கு ஏழரை இப்பத்தான் முடிஞ்சது. போனவரை எதுக்குடி கண்ணாடி வெச்சுக் கிட்டக்க இழுக்கறே?"

பகலில் வரச் சொல்லுங்க

முதல் பிலிம் சுருளைத் தெப்பக்குளம் பக்கத்து ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். என்ன படம் என்று சொல்லக் கூச்சம், சொல்லவில்லை. ஸ்டூடியோக்காரர் வெறும் சுருளை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். அவருக்கு என்மேல் இரக்கம்.

"இருட்டுல நின்னா யாருக்கும் முகம் விழாதும்மா. அடுத்த தடவை அவரைப் பகல்ல வரச் சொல்லுங்க."

லட்சணம்

இரண்டாவது சுருளில் ஒரே ஒரு படம் விழுந்திருந்தது. கண்காட்சிக்கு முதல் நாள் வாங்கப் போனேன். பெரிதாக்கிய படத்தில் சனி உருண்டையாக, வழவழப்பாக இருந்தது. வளையம் இல்லை. நெகட்டிவை வாங்கிப் பார்த்தேன். மிளகளவு சனியின் இருபுறமும் கத்தி சுரண்டிய தடம். ஸ்டூடியோக்காரர் பாராட்டுக்குக் காத்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. கை ஆடியிருக்கும்னு டச்சப் பண்ணி எடுத்துட்டேன். இப்ப பாருங்க, முகம் எவ்வளவு லட்சணமா இருக்கு!"

சுவரில் இருந்த படம்

தொலைநோக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியோடும் படத்தோடும் பிரின்ஸிபால் முன் நின்றேன். "வளையம் எங்கே?" என்றார். நடந்ததைச் சொன்னேன். என் காதுக்கே அது பொய்யாகத்தான் ஒலித்தது. எந்த ஸ்டூடியோ என்று கேட்டார். சொன்னேன். அவர் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த தன் படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எதிரில் இருந்த முகத்தில் அம்மைத் தழும்புகள்; படத்தில் ஒன்றுகூட இல்லை. பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"கொண்டு போங்க. அடுத்த பிலிமை நம்ம லேப்லயே கழுவிக்கலாம். அந்த மனுஷன் கையில கொடுக்காதீங்க."

ஊரில் எல்லாரும் தங்களைச் சனி பிடித்துவிட்டதென்று அலைகிறார்கள். நான் ஒருத்திதான் சனியைப் பிடிக்க அலைந்துகொண்டிருக்கிறேன்.