கொப்பண்ணன் போட்ட கொப்பு

என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் வீட்டுக்காரர் "மலையில" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். மலையில் என்ன? மாடு மேய்க்கிறாரா, மரம் திருடுகிறாரா? கேட்டவர் என் முகத்தைப் பார்ப்பார். நான்தான் விளக்க வேண்டும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தக் கல்லுளிமங்கனுக்கு வாயாக இருப்பது என் தலையெழுத்து.

அவர் சைக்கிள் பாதை போடுகிறவர். எங்கள் ஊருக்குப் பின்னால் காடும் மலையும்தான். உச்சியிலிருந்து அடிவாரம் வரை மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் அங்கே உண்டு. தடித்த டயர் போட்ட சைக்கிளில், ஹெல்மெட்டும் முட்டிக் கவசமுமாக, உயிரை வெறுத்தவர்கள் மாதிரி அதில் இறங்குவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. வளைவில் மண்ணை அணைத்து உயர்த்துவது, மழைத் தண்ணீர் பாதையை அரிக்காமல் குறுக்கே வாய்க்கால் வெட்டிவிடுவது, ஓடைக்கு மேல் பலகைப் பாலம் போடுவது, எல்லாம் என் வீட்டுக்காரர் கைவேலை. சைக்கிள் சங்கம் சம்பளம் கொடுக்கிறது. அடிவாரத்தில் நான் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அவர் பாதையில் விழுந்து எழுந்து வருகிறவர்களின் சைக்கிளை நான் நிமிர்த்திக் கொடுக்கிறேன். "புருஷன் கவுத்துவிடறாரு, பொண்டாட்டி தூக்கிவிடறாங்க" என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

அவருக்குக் கொப்பண்ணன் என்று பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பாதையில் ஏதாவது பழுது என்றால் சங்கத்தார் முன்பெல்லாம் "பாதை மூடப்பட்டுள்ளது" என்று பலகை வைப்பார்கள். சரிசெய்த பிறகு அதை எடுக்க மறந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பலகையை ஒரு நாய்கூட மதிக்கவில்லை. இவர் பார்த்தார். இலையோடு ஒரு கொப்பை வெட்டிப் பாதையின் வாயில் குறுக்கே போட்டார். இலை பச்சையாக இருந்தால் இன்றைக்கு வெட்டியது, உள்ளே ஆபத்து, போகாதே. காய்ந்து சுருண்டிருந்தால் பழைய கொப்பு, தாண்டிப் போ. மூடியிருக்கும் நாளெல்லாம் காலையில் புதிதாக ஒன்று வெட்டிப் போடுவார். எடுக்க மறந்தாலும் பாதகமில்லை, தானாகக் காய்ந்து வழி விட்டுவிடும். எந்தப் பலகையையும் மதிக்காத கூட்டம் இந்த இலைக்குக் கட்டுப்பட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்காரி எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரி. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மலையேறுவாள். மற்றவர்கள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நெளிகிற இடத்தில் அவள் கையை எடுத்துவிட்டுப் பறப்பாள். மலைப் போட்டிக்குப் போகும் அணிக்கு அவளைத்தான் தலைவியாகப் போட்டிருந்தார்கள். அதில் சில ஆண்பிள்ளைகளுக்கு வயிற்றெரிச்சல்.

அந்த வாரம் விடாத மழை. ஓடைப் பாலத்துப் பலகை உளுத்துப்போய்விட்டது என்று இவர் கழற்றிவிட்டு, தினமும் பாதை வாயில் கொப்பு போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் மழையோடு கிளம்பிப் போனார். மத்தியானம் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. திடீரென்று மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அரிவாளக் குடு."

"எதுக்குங்க?"

"மருந்துக்கடைக்காரம்மா பாலத்துல விழுந்துட்டாங்க."

தூக்கி வருவதற்குக் கம்பு வெட்டத்தான் என்று நினைத்து, விறகுக்குப் பக்கத்தில் கிடந்த அரிவாளை எடுத்து அவர் கையில் திணித்தேன். "நிக்காதீங்க, ஓடுங்க" என்று விரட்டினேன்.

அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. சங்கத்தார் போய்ப் பார்த்தபோது பாதை வாயில் பச்சைப்பசேல் என்று கொப்பு கிடந்ததாம். "இலை காய்ஞ்சுதான் இருந்துச்சு, நான் நல்லா பாத்தேன்" என்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொல்லியிருக்கிறாள். சங்கத் தலைவர் கூட்டம் போட்டு இவரைக் கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு "பச்சைதான்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மூடின பாதையில் திருட்டுத்தனமாகப் பழகப் போனவள், விழுந்த பிறகு பொய்யும் சொல்கிறாள் என்று அவளை அணியிலிருந்தும் சங்கத்திலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

கடைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் இதே பேச்சு. என் வாய் சும்மா இருக்குமா? "பறக்கறவளுக்குக் கண்ணு தெரியாது போல" என்று நானும் என் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்தேன். வயிற்றெரிச்சல்காரர்களில் ஒருவன் செயினைத் துடைத்துக்கொண்டே, "அண்ணன் கொட்டற மழையில காலையிலயே போய் பச்சக் கொப்பு வெட்டிப் போட்டிருக்காரு, இவளுக்கு அவ்வளவு திமிரு" என்றான்.

வெட்டிப் போட்டாரா? எதை வைத்து வெட்டினார்?

அன்றைக்குக் காலையில் அரிவாள் என்னிடம்தான் இருந்தது. விறகு பிளக்க அவர் பையிலிருந்து எடுத்தவள் திரும்ப வைக்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் காலில் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை. அவள் விழுந்த பிறகுதான் கொப்பு வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு அரிவாளை எடுத்துக் கொடுத்து, ஓடு ஓடு என்று விரட்டியவள் நான்.

அவர் வீட்டுக்குள் கால் வைத்ததுமே பிடித்துக்கொண்டேன். "அன்னிக்குக் காலையில எதை வெச்சு வெட்டுனீங்க?"

பையை ஆணியில் மாட்டப் போனார். நான் விடவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மேலே போன பிறகுதான் பையில் அரிவாள் இல்லாதது தெரிந்ததாம். மழையில் திரும்பி இறங்கி ஏற முட்டிவலி விடவில்லை. ஓரமாகத் தள்ளியிருந்த பழைய கொப்பு மழையில் நனைந்து புதுசு மாதிரியே இருந்திருக்கிறது. அதையே இழுத்துப் போட்டுவிட்டார்.

"நனைஞ்சப்போ பச்சையாத்தான் இருந்துச்சு. வெயில் வந்ததும் சுருண்டுடுச்சு."

"சுருண்டது இலை இல்லைங்க, நீங்க! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கற மாதிரி அது மேல புதுசு வெட்டிப் போட்டிருக்கீங்களே, அது எந்த மழையில நனைஞ்சது?"

"சொன்னா வேலை போயிடும்."

"போகட்டும். நான் இன்னும் நாலு பஞ்சர் சேத்து ஒட்டறேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு அந்தப் பொண்ணு ஊர் முன்னால பொய்க்காரியா நிக்கறா."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அப்புறம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் அயலார் மாதிரி நடமாடினோம். அவர் முட்டிக்குத் தைலம் தீர்ந்தது. அவர் போகவில்லை, நான்தான் போனேன். ஊரில் வேறு மருந்துக்கடை இல்லை.

ஒரு கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். தைல டப்பாவை இன்னொரு கையால் எட்டி எடுத்து, பையைப் பல்லால் பிரித்து அதில் போட்டாள். "முட்டி எப்படிக்கா இருக்கு அண்ணனுக்கு? மழைக்காலம், ஈரத்துல நிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். வஞ்சகமே இல்லாமல் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. பையை வாங்கிக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டேன்.

"இதை யார் குடுத்தான்னு தெரியுமில்ல? பூசிக்கங்க. கூச்சமில்லாம பூசிக்க முடிஞ்சா பூசிக்கங்க."

அவர் டப்பாவைத் திறக்கவில்லை. பையோடு ஓரமாக வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கமே அடிவாரத்தில் கூடும். மருந்துக்கடைக்காரி வருவாளோ என்று பயந்தேன். வந்தாள். உடைந்த சைக்கிள் என் கடையில் இருந்தது, அதை எடுத்துப் போக வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் கூட்டத்தின் நடுவே போய் நின்றார். பத்துப் பேர் முன்னால் பேசியறியாத மனிதர்.

"அந்தம்மா சொன்னது நிஜம். கொப்பு காய்ஞ்சதுதான். தப்பு என்னுது."

தலைவர் வந்து அவர் தோளைத் தட்டினார். "அண்ணே, உங்க மனசு யாருக்கு வரும்? அந்தம்மா கஷ்டப்படறாங்கன்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்களே" என்றார். யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். "பெரிய மனுஷன்யா" என்றான் அந்த வயிற்றெரிச்சல்காரன். இவர் "இல்ல, இல்ல" என்கிறார், அது கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை. கூனிக்குறுகி நின்றவரைத் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு அவமானத்தை என் எதிரிக்கும் நான் வேண்டமாட்டேன்.

"போதும்" என்றாள் மருந்துக்கடைக்காரி. சத்தம் போடவில்லை. "அவரு பொய் சொன்னாரு, ஒரே வார்த்தையில நம்புனீங்க. இப்ப நிஜத்தைச் சொல்றாரு, அதையும் தர்மம்னு கை தட்டறீங்க. என்னை நம்பறது அவ்வளவு கஷ்டமா சார்?"

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. ஊரறிய என் புருஷனை நானே காட்டிக்கொடுத்தேன். "காலையில அரிவாள் எங்க வீட்டுல இருந்துச்சு. இந்தம்மா விழுந்த பிறகு இவரு ஓடி வந்து வாங்கிட்டுப் போனாரு. எடுத்துக் குடுத்தது நான்தான்." சொல்லும்போது அழுதுவிட்டேன். கை தட்டினவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கம்மா. குணமானதும் அணிக்கு வந்துடுங்க."

"யாரை நம்பி வரச் சொல்றீங்க?" என்றாள் அவள்.

அவர் வேலை போகவில்லை. வேறு யாருக்கும் அந்தப் பாதை போட வராது. எலும்பு கூடியதும் அவளும் மலைக்கு வந்தாள், சங்கத்தில் சேராமல், தனியாக. மற்றவர்கள் கொப்பைப் பார்த்துவிட்டுப் பாய்ந்து இறங்குகிறார்கள். அவள் மட்டும் சைக்கிளை மேலே ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, அடிவாரம் வரை நடந்தே பார்த்துவிட்டு, மறுபடி ஏறிப் போய்த்தான் ஓட்டுகிறாள். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு ஓரமாக ஒதுங்கி நிற்பார். "எல்லாம் பாத்துட்டேம்மா, சரியா இருக்கு" என்பார். கேட்காமலே வாயைத் திறந்து அவர் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

"சரிங்கண்ணே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவள் நடந்து இறங்குவாள்.